ஏழாம் பாடத்தார்

பாலாற்றங்கரை ஊர்களில் தோலைத் தரம் பிரிக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, இந்த ஆடு முள்வேலியில் உரசியது, இந்த மாட்டை உண்ணி கடித்தது, இந்த எருமை உடம்பில் பெரியது ஆனால் மனசில் சின்னது என்று ஜாதகமே சொல்லிவிடுவார்கள். மனிதர்களைத் தரம் பிரிக்கத்தான் ஆள் இல்லை. அந்தக் குறையைப் போக்க நானே ஒரே ஒரு வகையை மட்டும் எடுத்து, முதுகுப் பக்கம், வயிற்றுப் பக்கம் இரண்டையும் புரட்டிப் பார்த்து, உங்கள் முன்னால் விரித்துப் போடுகிறேன். இந்த வகைக்கு நான் வைத்திருக்கும் பெயர், ஏழாம் பாடத்தார்.

எந்த வித்தைக்கும் பாடங்கள் உண்டு அல்லவா? முதல் ஆறு பாடம் வரைக்கும் மனிதன் மாணவன். ஓரமாக உட்காருவான், பென்சிலைக் கடிப்பான், ஆசிரியர் தன் பக்கம் பார்த்தால் பேனா கீழே விழுந்ததுபோலக் குனிந்துகொள்வான். ஏழாம் பாடத்தில் ஏதோ ஒன்று சட்டென்று புரிந்துவிடும். புரிந்த அந்தக் கணத்தில் மாணவன் செத்துப்போகிறான். எட்டாம் பாடத்துக்கு அவர் வருவதில்லை. (கவனியுங்கள், இப்போது ‘அவர்’ ஆகிவிட்டார்.) எட்டாம் பாடத்துக்கு அவருக்கு ஏது நேரம்? ஏழாம் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தைத் திருத்த வேண்டாமா?

சர்க்கரை வியாதி வந்து ஏழாவது நாள், கல்யாணப் பந்தியில் தன் இலையை விட்டுவிட்டுப் பக்கத்து இலையில் இருக்கும் இனிப்பை எண்ணுகிறாரே, அவரைத் தெரியும்தானே? கார் ஓட்டக் கற்றுக்கொண்ட ஏழாவது நாள், அரசு பஸ்ஸில் முதல் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்து மிதித்து, ஆற்காடு போய்ச் சேர்வதற்குள் டிரைவருக்குக் காய்ச்சல் வரவழைத்தாரே, அவரை? மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு ஒரு வாரம் போய்விட்டு வந்து, பஸ் ஸ்டாண்டில் நிற்கும் அன்னியரிடம், “நீங்க மூச்சு விடறதே தப்புங்க” என்றாரே, அவரை? கலவை என்ற ஊரில் ஒரு மனிதர் ஆபரேஷன் மேஜையில் மயக்க மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் கத்தி பிடிக்கும் விதத்தைத் திருத்தினார் என்று சொல்கிறார்கள். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

இந்த இனத்தில் என் கையில் இருக்கும் முதல் தர உருப்படி மக்பூல் அகமது. ஆம்பூர் பைபாஸ் ஓரமாக உள்ள ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகத் தரச் சோதனைப் பிரிவின் தலைவர். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு தாள் இருக்கும். அந்தத் தாள் நிறையச் சின்னச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். ஷூவில் நூல் பிசிறியிருந்தால் அங்கே ஓர் அம்பு. பசை வழிந்திருந்தால் ஓர் அம்பு. தையல் அரை மயிரிழை விலகினால் ஓர் அம்பு. அம்பு வாங்கிய ஜோடி மஞ்சள் பெட்டிக்குப் போகும். மஞ்சள் பெட்டிக்குள் போனது அவர் கையெழுத்து இல்லாமல் வெளியே வராது. முதலாளியே எடுக்க முடியாது. இது கம்பெனியின் சட்டம்கூட இல்லை. சரக்கு வாங்குகிற ஸ்பெயின்காரர்கள் எழுதி வாங்கிக்கொண்ட சட்டம்.

வேலை நேரத்தில் இதைவிட நல்ல குணம் வேறில்லை. கஷ்டம் என்னவென்றால் சாயங்காலம் ஐந்தரைக்குச் சங்கு ஊதியதும் அவருடைய கால் வீட்டுக்குப் போகும், கண் டியூட்டியிலேயே இருக்கும். ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் ரயில் அறிவிப்பைத் திருத்துவதற்காக ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கே போனார்; திருத்தி முடிப்பதற்குள் அந்த ரயில் காட்பாடியைத் தாண்டிவிட்டது. போனில் வழி சொல்கிற அம்மாளோடு மாதனூர் வரைக்கும் வாதாடியதில், அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு மூன்று நாள் யாருக்குமே வழி சொல்லவில்லை. வீட்டில் ஒரு நாள் ரொட்டியின்மேலேயே அம்பு ஒட்டினார்.

“இன்னாங்க இது?” என்றாள் அவர் மனைவி சகீனா.

“ஓரம் கருகியிருக்குது.”

“அப்படியா? அம்பையும் சேர்த்துத் தின்னுங்க. அதுவாவது கருகாம இருக்குது.”

அன்று மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்து முகம் கழுவப் போனவர் கண்ணாடியில் பார்த்தார். அவருடைய மூக்கின் கீழே ஓர் அம்பு. நுனி நேராக வாயைக் காட்டிக்கொண்டிருந்தது. சகீனாவுக்கு அளவான பேச்சுதான்.

இப்படிப்பட்டவருக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுத்தது யாருடைய பாவமோ தெரியாது. கம்பெனியின் சரக்கில் முக்கால்வாசி ஸ்பெயினுக்குப் போகிறது. அங்கிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை வந்து மாதிரி ஜோடிகளைப் பார்த்து ஆர்டர் கொடுக்கிற பிலார் என்ற அம்மாளுக்கு, போனை நடுவில் வைத்து மொழிபெயர்த்துப் பேசுவது அலுத்துவிட்டது. ‘என் மொழியில் நாலு வார்த்தை பேச உங்களிடம் ஒருவர்கூடவா இல்லை?’ என்று கேட்டுக் கடிதம் போட்டுவிட்டார். உடனே புரொடக்ஷன் மேனேஜர் பரந்தாமன், ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி கேன்டீனிலேயே வகுப்புக்கு ஏற்பாடு செய்தார். கூடவே ஓர் அறிவிப்பும் செய்தார். பிலார் அம்மாள் அடுத்த முறை வரும்போது புது மாதிரியை அவர் மொழியில் எடுத்துக் காட்டுகிறவருக்கு, ஆர்டர் எடுக்கிற பிரிவில் காலியாக இருக்கும் நாற்காலி. யாராலும் முடியாவிட்டால் அந்த நாற்காலிக்குச் சென்னையிலிருந்து ஆள் வரும்.

அந்த நாற்காலியைக் கனவில்கூடப் பார்த்தவள் ஹுமேரா. மாதனூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, நாலு வருஷமாகத் தையல் லைனில் மிஷினுக்கு முன்னால் குனிந்தே இருப்பவள். போன வருஷம் அதே பிரிவுக்கு விண்ணப்பித்தபோது, “உனக்கு இங்கிலீஷ் கம்மிம்மா” என்று பரந்தாமன் திருப்பி அனுப்பியிருந்தார். ஸ்பானிஷ் எல்லோருக்குமே கம்மி. ஆகவே இதுதான் தன் முறை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். புது மாதிரியாகப் போகவிருந்த பெண்கள் குட்டை பூட்டைத் தைத்ததும் அவள்தான்.

பாடம் எடுக்க வந்தவர் ஜஹீதா டீச்சர். கணவரின் தோல் வியாபாரத்துக்காக ஸ்பெயினில் எல்ச்சே என்ற ஊரில் எட்டு வருஷம் குடியிருந்து, அங்கே காய்கறிக்காரியோடு சண்டை போட்டே மொழியைக் கற்றவர். ஆறு வாரம் எல்லோரும் தலை குனிந்து கற்றார்கள். மக்பூல் பாய் எல்லோரையும்விட அதிகமாகக் குனிந்தார். பேனா நாலு தடவை கீழே விழுந்தது.

ஏழாவது ஞாயிறு டீச்சர் கேன்டீன் மேஜைமேல் ஓர் ஆண்கள் ஷூவையும் ஒரு குட்டை பூட்டையும் வைத்தார்.

“இது எல் சப்பாத்தோ. ஷூ. ஸ்பானிஷ்ல இது ஆம்பளை. இது லா போத்தா. பூட். இது பொம்பளை. முதல்ல பேரைச் சொல்லிடணும். சொன்னப்புறம் ஒவ்வொரு தடவையும் பேரை இழுக்க வேணாம். ஷூவுக்கு ‘லோ’, பூட்டுக்கு ‘லா’. நிறைய இருந்தா ‘லோஸ்’, ‘லாஸ்’. நாம ‘அதை’, ‘அதுங்களை’ன்னு சொல்றோமே, அதேதான். ‘அதைப் பார்க்கறேன்.’ ‘லோ வேயோ.’ ‘அதை’ முன்னால, ‘பார்க்கறேன்’ பின்னால. இதுல இங்கிலீஷ்காரங்கதான் தடுமாறுவாங்க. நமக்கு வீட்டுச் சாப்பாடு.”

காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்த பரந்தாமன், “டீச்சர், ஷூ ஆம்பளை, பூட் பொம்பளைன்னு யாரு போய்ப் பார்த்தது?” என்றார்.

அதுவரை ஆறு வாரம் வாயே திறக்காத மக்பூல் பாய் எழுந்து நின்றார். “அது உங்களுக்குப் புரியாது சார். எங்க உருதுல ஜூத்தா ஆம்பளை, ஜூத்தி பொம்பளை. பொறந்ததிலேர்ந்து செருப்பைக்கூட ஆள் பார்த்துப் பேசினவங்க நாங்க.”

அடுத்து ஹுமேராவின் முறை. அவள் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கிணற்றில் வாளி இறக்குவதுபோல நிதானமாகச் சொன்னாள். “வேயோ லா போத்தா. லிம்பியோ லா போத்தா. கொம்ப்ரோ லா போத்தா.” பூட்டைப் பார்க்கிறேன், பூட்டைத் துடைக்கிறேன், பூட்டை வாங்குகிறேன் என்று அர்த்தம்.

“நிறுத்து, நிறுத்து!” என்றார் இன்னும் உட்காராத மக்பூல் பாய். “எத்தனை தடவைம்மா பேரைச் சொல்லுவே? ஒரு தடவை சொன்னா பூட்டுக்குக் காது கேக்காதா? அப்புறம் வெறும் ‘லா’. லா லிம்பியோ. லா கொம்ப்ரோ.”

“பேரை விட்டுட்டா எதைப் பத்திப் பேசறேன்னு எனக்கே மறந்துடுது சாச்சா,” என்று சித்தப்பா முறை வைத்துச் சொன்னாள் ஹுமேரா.

“சரிதான் பாய்,” என்றார் டீச்சர்.

முடிந்தது. அந்த இரண்டு வார்த்தையில் ஒரு மாணவன் செத்தான், ஓர் ஏழாம் பாடத்தார் பிறந்தார். இந்த இனத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பயங்கரமான உண்மையும் இதுதான். இவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தப்பாகச் சொல்லித் தொலைத்தால் துரத்தி அடித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். சரியாகச் சொல்கிறவரை என்ன செய்வது? எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

எட்டாவது ஞாயிறு மக்பூல் பாய் வகுப்புக்கு வந்தார். ஆனால் உட்காரவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, லைனில் நடப்பதுபோலவே நடந்தார். எட்டாம் பாடம் ‘அவருக்கு’ என்று வருகிற ‘லே’ பற்றியது. டீச்சர் உட்காரச் சொன்னார்.

“இவங்க ஏழாவது பாடத்தையே இன்னும் சரியா பிடிக்கலை டீச்சரம்மா. எட்டுக்கு இன்னா அவசரம்? நீங்க பாட்டுக்கு நடத்துங்க. பின்னால நான் பார்த்துக்கறேன்.”

எதிலே பார்த்துக்கொண்டார்? எல்லோருடைய நோட்டிலும். யாருடைய வாக்கியத்தில் ஷூவோ பூட்டோ இரண்டாம் தடவை தலை காட்டியதோ அங்கே ஒரு சிவப்பு அம்பு விழுந்தது. ஹுமேராவின் நோட்டு, ஒரு கோட்டையை முற்றுகையிட்டதுபோல ஆகிவிட்டது. கம்பெனி வாசலில் டீக்கடை வைத்திருக்கும் ஜியாவுல்லாவும் தப்பவில்லை.

“லோ கியேரோ,” என்றார் பாய், பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே.

“இன்னா பாய்?”

“அது வேணும்னு அர்த்தம்.”

“எது வேணும்?”

“அதுதான்.”

“அதுதான்னா? டீயா, பன்னா, நேத்து கேட்ட தீப்பெட்டியா?”

“முதல்லயே பேரைச் சொல்லிட்டேனே, ஜியா. ஒரு தடவை சொன்னா போதும்னு விதி.”

“எப்போ சொன்னீங்க?”

“போன வியாழக்கிழமை.”

ஜியாவுல்லா ஒரு வெந்நீர் டம்ளரை வைத்தான். பாய் அதைக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று திருத்தினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இவர்கள் டீக்கடையோடு நிற்கிறவர்கள் இல்லை. ஏழாம் பாடத்தார் ஒருவருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று நினைத்துவிட்டால், அந்த ஒருவரை ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும்.

பிலார் அம்மாள் வருகிற வியாழக்கிழமையும் வந்தது. பதினொரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. மாதிரி அறையில் வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல் ஹுமேரா தைத்த குட்டை பூட் ஒற்றைக்கால் கொக்குபோல நின்றது. அதன் ஜிப்பில் நூல் கட்டி ஓர் அட்டை தொங்கியது. தான் பேசப்போவதை அவள் பன்னிரண்டு வரியாகத் தன் கையால் எழுதிய அட்டை. பேசி முடித்ததும் பூட்டோடு அதையும் அந்த அம்மாளிடமே கொடுத்துவிட வேண்டும் என்பது அவள் திட்டம். பன்னிரண்டு வரியில் ஒன்பது தடவை ‘லா போத்தா’ இருந்தது. பேரை விட்டால் மறந்துவிடும் என்ற பயம் அவளுக்குக் கடைசி வரை போகவில்லை.

பத்தேகால் மணிக்கு அவள் முகம் கழுவப் போனாள். அந்த நேரம் பார்த்து மக்பூல் பாய், “சும்மா ஒரு கண் பார்த்துட்டுப் போலாம்” என்று உள்ளே வந்தார். உலகத்தில் நடந்த பெரிய நாசங்களில் பாதி, சும்மா ஒரு கண் பார்க்க வந்தவர்களால் நடந்தவை.

அவர் கண் பூட்டின்மேல் விழவில்லை. அட்டையின்மேல் விழுந்தது. உதட்டை அசைத்துப் படித்தார். பாவம், பொண்ணு பெரிய மனுஷி முன்னால் தலை குனியப்போகிறதே என்று அவருக்கு உண்மையிலேயே மனசு பதறியது. தாளை எடுத்தார். ஒட்டினார். ஒன்பதில் முதல் ‘லா போத்தா’வை மட்டும் விட்டுவிட்டு மற்ற எட்டுக்கும் எட்டு அம்பு. முதல் தடவை பேர் சொல்ல வேண்டும் அல்லவா? நியாயஸ்தர்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் செய்யவில்லை. அவர் கை செய்தது. இருபத்திரண்டு வருஷமாக அம்பு ஒட்டியதும் எங்கே போகுமோ அங்கேயே கை போயிற்று. பூட்டை எடுத்தது, மூலையிலிருந்த மஞ்சள் பெட்டியில் போட்டது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு பாய் டீ குடிக்கப் போய்விட்டார்.

பிலார் அம்மாள் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். குட்டையான உருவம், வெட்டிய வெள்ளை முடி. எதிரே வருகிறவர்களின் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார். பின்னாலேயே பரந்தாமன். முகம் துடைத்துக்கொண்டே ஓடிவந்த ஹுமேரா மேஜையைப் பார்த்தாள். வெள்ளைத் துணி மட்டும் இருந்தது.

எல்லோருக்கும் முன்னால் மஞ்சள் பெட்டியைப் பார்த்தவர் பிலார் அம்மாள்தான். பூட்டின்மேல் அட்டை கவிழ்ந்து கிடந்தது, அட்டை நிறையச் சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் பூட்டுக்கே அம்மை போட்டதுபோல இருந்தது. அம்புக்கு எந்த நாட்டிலும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

“தெஃபெக்தோ?” என்றார் புருவத்தைத் தூக்கி. குறையா?

பரந்தாமன் ஹுமேரா பக்கம் திரும்பினார். “இன்னாம்மா இது?” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “மாதிரி பூட்டே மஞ்சள் பெட்டியில கிடக்குது? எட்டு அம்பு! நாற்காலியா கேக்கறே நீ? நாளைக்குக் காலையில லைன்ல போய் உக்காரு.”

ஹுமேரா பெட்டியில் கை வைத்தாள்.

“எடுக்காதே! பாய் கையெழுத்து இல்லாம அது வெளிய வரக்கூடாது. சட்டம் போட்டவங்களே எதிர்ல நிக்கறாங்க.”

ஆள் போயிற்று. பாய் டீ டம்ளரோடு வந்தார். எல்லோரும் தனக்காகக் காத்திருப்பதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம்.

“ஒண்ணும் பேஜாராகாதீங்க சார். சின்னச் சின்னத் தப்புதான். எட்டே எட்டு இடம். அந்தப் பேரையெல்லாம் அடிச்சிட்டு ‘லா’ போடச் சொல்லுங்க. உடனே கையெழுத்துப் போட்டுடறேன்.”

பேனாவை அவளிடம் நீட்டவும் செய்தார். அந்த அம்மாள் முன்னால் தன் எழுத்தைத் தானே எட்டு இடத்தில் அடித்துக் காட்டினால், நாற்காலிக்கும் சேர்த்துத்தான் கோடு விழும். அது ஹுமேராவுக்குத் தெரியும். அவள் பேனாவை வாங்கவில்லை.

“சாச்சா, அம்பு எதுக்கு ஒட்டறது?”

“குறைக்கு.”

“குறை பூட்லயா, அட்டையிலயா?”

“அட்டையில.”

“பூட்டைப் பார்த்தீங்களா?”

பாய் பெட்டியைப் பார்த்தார். டீ டம்ளர் கையில் சாய்ந்தது.

“பார்க்கலை,” என்றார்.

“பார்க்காமயா மஞ்சள் பெட்டியில போட்டீங்க?” இதைக் கேட்டது பரந்தாமன். இருபத்திரண்டு வருஷத்தில் மக்பூல் பாய் பார்க்காமல் ஒரு ஜோடியை அந்தப் பெட்டியில் போட்டதில்லை. ஓர் ஏழாம் பாடத்தாரின் வாழ்க்கையில் வரக்கூடாத நிமிஷம் ஒன்று உண்டு என்றால் அது இதுதான். அம்பு தன்மேலேயே திரும்புகிற நிமிஷம்.

“இப்போ பாருங்க,” என்றாள் ஹுமேரா. “அவங்க முன்னாலயே பாருங்க. ஒரு குறை, ஒரே ஒரு குறை இருந்தாலும் நானே லைனுக்குப் போயிடறேன். நாற்காலி பேச்சே எடுக்க மாட்டேன்.”

பரந்தாமன் கண்ணை மூடிக்கொண்டார். மக்பூல் பாயிடம் போய் ஒரு குறை இருந்தால் காட்டு என்பதா? தாஜ்மகாலைக் காட்டினாலே பசை வழிந்திருக்கிறது என்பவராயிற்றே!

பாய் டம்ளரைக் கீழே வைத்தார். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியிலிருந்து பூட்டை எடுத்தார். அட்டையை அவிழ்த்து ஓரமாக வைத்தார். பிறகு இந்த உலகத்தில் அந்த பூட்டும் அவரும் மட்டும்தான். கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்தினார். முகர்ந்தார். ஜிப்பைப் பத்து தடவை இழுத்தார். தையலின்மேல் அளவுகோலை வைத்து எண்ணினார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். இரண்டு தடவை அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. இரண்டு தடவையும் ஹுமேராவின் மூச்சு நின்றது. இரண்டு தடவையும் கை வெறுமனே திரும்பி வந்தது.

நாலு நிமிஷம். தையல் லைனில் பாதிப் பேர் மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள்.

“இல்லை,” என்றார் பாய்.

“இன்னா இல்லை?”

“குறை இல்லை சார்.”

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதாகக் கம்பெனியில் எவருக்கும் நினைவில்லை. வெளியே ஒருவர் நாற்காலி தேடி உட்கார்ந்தார். கேன்டீனில் பால் பொங்காமல் அடங்கியது என்று சமையல்காரர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

பிலார் அம்மாள் ஹுமேராவைப் பார்த்தார். இவர் என்ன சொல்கிறார்?

அவள் மனப்பாடம் செய்திருந்த பன்னிரண்டு வரியில் இதற்கு ஒரு வார்த்தையும் இல்லை. பாயைக் காட்டினாள், அவர் கையிலிருந்த பூட்டைக் காட்டினாள். “லா மீரா,” என்றாள். அதைப் பார்க்கிறார். “லா மீரா மூச்சோ.” அதை ரொம்பப் பார்க்கிறார். பிறகு இரண்டு கையையும் விரித்து, “நோ ஆய்.” ஒன்றுமில்லை.

தான் பேரை விட்டுவிட்டு ‘லா’ போட்டது அவளுக்கே தெரியாது. அந்த அறையில் அதைக் கவனித்தவர் ஒரே ஒருவர். அவருடைய கண் கலங்கிவிட்டது.

பிலார் அம்மாள் பாயின் பெயரைக் கேட்டார். சொன்னதும் அவர் முகம் மாறியது. ஒவ்வொரு தடவை சரக்கு போகும்போதும் கூடவே போகும் சோதனைக் குறிப்புகளில், ஒன்பது வருஷமாக இந்தக் கையெழுத்தைப் பார்க்கிறாராம். அந்தக் கையெழுத்துக்கு மேலே எப்போதும் குறைகளின் பட்டியல்தான் இருக்குமாம். குறை இல்லை என்று இவர் ஒரு தடவையும் எழுதி அவர் பார்த்ததில்லையாம். இவ்வளவையும் ஹுமேரா பாதி புரிந்தும் பாதி ஊகித்தும் தமிழில் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பிலார் அம்மாள் பூட்டை வாங்கி, தான் ஒரு தடவை திருப்பிக்கூடப் பார்க்காமல், ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு அட்டையைக் கேட்டு வாங்கி அவளிடமே நீட்டி, படிக்கச் சொன்னார். அவள் அம்போடு சேர்த்து ஒன்பது ‘லா போத்தா’வையும் படித்தாள். அந்த அம்மாள் ஒன்பது தடவையும் தலையை ஆட்டினார்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இது நல்லொழுக்கக் கதை ஆகியிருக்கும். ஆனால் இதில் ஓர் ஏழாம் பாடத்தார் இருக்கிறாரே!

கிளம்பும்போது பிலார் அம்மாள் மக்பூல் பாயிடம் கையை நீட்டி, “லே ஃபெலிஸித்தோ, சென்யோர்,” என்றார். உங்களைப் பாராட்டுகிறேன், ஐயா.

பாய் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. பரிவோடு சொன்னார்:

“லோ.”

“பெர்தோன்?” மன்னிக்கவும், என்ன?

“லே இல்லீங்கம்மா. நான் ஆம்பளை. லோ. லோ ஃபெலிஸித்தோ.”

பரந்தாமன் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஸ்பெயினில் பிறந்து, ஸ்பெயினில் வளர்ந்து, அறுபது வருஷமாக அந்த மொழியிலேயே கனவு கண்டுகொண்டிருக்கும் பிலார் அம்மாள், ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு வினாடி அசையாமல் நின்றார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைபோல, “லோ ஃபெலிஸித்தோ,” என்று திருப்பிச் சொன்னார். கார் கதவை மூடிக்கொண்டபிறகு அவர் சிரித்த சிரிப்பு பள்ளிகொண்டா வரைக்கும் கேட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை ஜஹீதா டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார். “பாய், மரியாதைக்குரிய ஆம்பளைங்களை அந்த ஊர்ல ‘லே’ன்னும் சொல்லுவாங்க. தப்பே இல்லை. ஒன்பதாவது பாடத்துல வருது.”

பாய் சட்டைப் பையிலிருந்து அம்புத் தாளை எடுத்தார்.

“அப்போ ஒன்பதாவது பாடத்துல தப்பு இருக்குது டீச்சரம்மா,” என்றார்.

ஹுமேராவுக்கு நாற்காலி கிடைத்தது. சக்கரம் வைத்தது, சுற்றுவது. முதல் வாரம் அவள் அதில் பாதி மட்டும் உட்கார்ந்தாள், எப்போது வேண்டுமானாலும் எழுந்திருக்கச் சொல்வார்கள் என்பதுபோல. இரண்டாம் வாரம் முழுசாக உட்கார்ந்தாள். மூன்றாம் வாரம், ஸ்பெயினுக்குப் போக வேண்டிய கடிதத்தைப் பரந்தாமன் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கும்போது, அவர் இரண்டாவது வரியை முடிப்பதற்குள், நாற்காலியைப் பாதி சுற்றித் திருப்பிக்கொண்டு சொன்னாள்: “நிறுத்துங்க சார், நிறுத்துங்க. ஒரு தடவை சொன்னா போதாதா?”

இது ஒட்டுகிற வியாதி. எனக்கு இல்லை என்று நீங்கள் மார்தட்டலாம். சோதித்துப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். இன்று சாயங்காலம் வீட்டில் யாராவது ஒரு கதை சொல்ல ஆரம்பிப்பார்கள். செவ்வாய்க்கிழமை நடந்ததைப் புதன்கிழமை என்பார்கள். குடியாத்தத்து மாமாவை வாணியம்பாடிக்குக் குடி ஏற்றிவிடுவார்கள். வாங்கி வந்த லுங்கி பச்சை என்பார்கள், அது நீலம் என்று உங்களுக்குத் தெரியும். கதை முடிகிற வரைக்கும் உதட்டைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தீர்களானால், உங்களுக்குக் குறை இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

என்ன, உதடு துடிக்கிறதா? ‘புதன் இல்லை, செவ்வாய்’ என்று வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டீர்களா? அவர்கள் இன்னும் கதையை ஆரம்பிக்கவே இல்லையே!